டீலியா மாட்டிய ஃபில்டர்

ஃப்ரெஸ்னோ அலுவலகத்தின் கூரையில் சோலார் போட்டதிலிருந்து கரன்ட்டில் ஒரே அழுக்கு; சீராக வராமல் துடித்துத் துடித்து வந்தது. பொறியாளர் டீலியா ஞாயிற்றுக்கிழமை லீவைக்கூடப் பார்க்காமல் வந்து, ஒரு ஃபில்டரை மாட்டிச் சுத்தமாக்கினாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒருவரும் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டோனட் பெட்டிகூட அவள் மேசையைத் தாண்டிப் போனது.

"என்ன ரூடி, லைட் இன்னும் கண் சிமிட்டுதா?" என்று பக்கத்து மேசைக்காரனைக் கேட்டாள்.

"இல்லையே."

"பிரிண்டர் மக்கர் பண்ணுதா?"

"ஜோரா ஓடுது. நல்லா இருப்ப, போ!"

பொறுக்க முடியாமல் மேலதிகாரி வெர்னின் அறைக்குள் நுழைந்தாள். "நான் என்ன தப்பு பண்ணிட்டேன், வெர்ன்?"

"தப்பா? கரன்ட் இப்ப கண்ணாடி மாதிரி இருக்கு. அதான் வினையே!" வெர்ன் பெருமூச்சு விட்டார். "நம்ம சுவர்க் கடிகாரம் கரன்ட்டோட துடிப்பை எண்ணி ஓடுற பழைய சாமான். அழுக்குக் கரன்ட்டுல கூடுதலா எண்ணிடும். நல்லா வெயில் அடிச்சா, சாயங்காலத்துக்குள்ள பன்னெண்டு நிமிஷம் முந்திடும். ரெண்டு வருஷமா எல்லாரும் அதைப் பார்த்துத்தான் வீட்டுக்குக் கிளம்புறோம்."

"அது தப்பா ஓடுதுன்னு உங்களுக்குமா தெரியல?"

"தெரியாம என்ன? தினமும் காலையில முதல் ஆளா வந்து, அதைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைக்கிறதே நான்தானே!"