இரண்டு ஒன்றாம் நம்பர்

“போனை வைக்கிறதுக்குள்ள வந்து நின்னுட்டீங்களே சார்!” நர்ஸ் மமதா அசந்துபோனாள்.

“இங்கதான் இருந்தேன்” என்றான் கம்ப்யூட்டர் பராமரிக்கும் கம்பெனியின் பாக்கியராஜ்.

பிரேசர் டவுனில் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அது. ஆபரேஷனுக்காக உள்ளே போனவர்களின் நிலவரம், ‘ஓ.டி.’ எனும் ஆபரேஷன் தியேட்டரின் நம்பரோடு, வெளி ஹாலில் ஒரு டிவியில் தெரியும். இன்று அதில் இரண்டு ‘ஓ.டி. 1’ தெரிந்தன. மேல் வரியில் ‘வார்டுக்கு மாற்றம்’. கீழ் வரியில் ‘டாக்டரைப் பார்க்கவும்’. இரண்டாவதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஹாலில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“எங்க வூட்டுக்காரரு ஒண்ணாம் நம்பர்லதாங்க இருக்காரு. இதுல எதுங்க அவரு?” தனலக்ஷ்மி டிவியைக் காட்டிக் கேட்டாள். பொம்மனஹள்ளியிலிருந்து வந்திருந்தாள். கணவனை உள்ளே கொண்டுபோகும்போது கழற்றிக் கொடுத்த மோதிரமும் அரைஞாண் கொடியும் அவள் முந்தானை முடிச்சில் இருந்தன.

“உள்ள யாருமே போன் எடுக்கலை. பேக மாடி சார், சீக்கிரம்!” என்று விரட்டினாள் மமதா.

பாக்கியராஜ் கீபோர்டை நோக்கிக் குனிந்தான். சட்டைப் பையில் திணித்திருந்த கைக்குட்டை முடிச்சு லேசாகக் கலகலத்தது. ஒவ்வொரு ஆபரேஷன் தியேட்டரின் கம்ப்யூட்டரிடமும் அதன் பெயரைக் கேட்டுச் சொல்லும் கட்டளையைக் கறுப்புத் திரையில் தட்டிப் பார்த்தான்.

“காலையில போட்ட அப்டேட்டுல கோளாறு. பேரு நீளமா இருந்தா கடைசி எழுத்தை வெட்டிடுது. பத்தோட ஜீரோவை முழுங்கிட்டிருக்கு. இந்த ரெண்டுல ஒண்ணு ஓ.டி. பத்து, அக்கா.”

“அப்ப கீழ இருக்கிறதுதான் பத்து, இல்ல தம்பி? எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆவாது, இல்ல?”

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தட்டிக்கொண்டே இருந்தான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களா என்ன? சரியான கல்நெஞ்சக்காரன்.

திருத்தம் முடிந்தது, எண்டர் தட்டுவதுதான் பாக்கி. அதைச் செய்யாமல் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.

“தட்டுங்க சார், பாவம் அவங்க!” மமதா அதட்டினாள்.

தட்டினான். மேல் வரி அப்படியே இருந்தது. கீழ் வரியில் ‘1’க்குப் பக்கத்தில் ஒரு ஜீரோ வந்து ஒட்டிக்கொண்டது.

தனலக்ஷ்மி சந்தோஷத்தில் ஓவென்று அழுதுவிட்டாள். அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நீயும் உன் பொண்டாட்டியும் நூறு வருசம் நல்லா இருக்கணும் தம்பி!”

மமதா ஹாலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “பத்தாம் நம்பர் பேஷண்ட் கூட வந்தவங்க யாரு?”

யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கேட்டாள்.

பாக்கியராஜ் சட்டைப் பையிலிருந்த வளையல் முடிச்சை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

“நான்தான் சிஸ்டர்.”