மூன்றாம் நாளும் தாமதம்

இந்த வாரத்தில் ஏற்கெனவே இரண்டு நாள் தாமதம். இன்றும் தாமதமானால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று முதலாளி பமிடெலே சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷன்.

அந்தப் பதற்றத்திலோ என்னவோ, யெவாண்டேக்கு அன்று காலை எதுவும் ஒழுங்காக நடக்கவில்லை.

வெள்ளைச் சட்டைக்குப் பாதி இஸ்திரி போடும்போதே கரண்ட் போனது. லாகோஸில் போன கரண்டுக்காக யாரும் காத்திருப்பதில்லை. சுருங்கிய பாதியைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு ஓடினாள். தெருமுனையில் வாங்கிய அகாரா வடை, எண்ணெய் ஊறிய காகிதத்தைக் கிழித்துக்கொண்டு சூடாகக் காலில் விழுந்தது. குனிந்து துடைத்தாள். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் குட்டைத் தண்ணீரை அவள் முதுகில் அடித்துவிட்டுப் போனது.

"ஏன்க்கா, வீட்ல குளிக்கலியா?" என்றாள் அகாரா சுடுகிறவள்.

"சிரி, சிரி. வேலை போச்சுன்னா உன் அடுப்புக்கு முன்னாடிதான் வந்து உட்காருவேன்."

யெவாண்டேயின் வேலைக்குத் தோற்றம் முக்கியம். "உன்னைப் பார்த்ததும் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வரணும். உன்னை வச்சிருக்கிறதே அதுக்குத்தான்" என்பார் பமிடெலே.

நிறுத்தத்துக்கு முதலில் வந்த மஞ்சள் பஸ்ஸில் தடித்தடியாக நாலைந்து ஆண்கள். ஒருவன் கன்னத்தில் நீளமாகத் தழும்பு. யெவாண்டே ஏறவில்லை. பயணிகள் மாதிரி உட்கார்ந்திருந்து, பாலத்தில் வைத்து எல்லாவற்றையும் உருவிக்கொண்டு ஆளைத் தள்ளிவிடும் கும்பல்கள் ஊரில் பெருத்துவிட்டன. அவளுக்கா தெரியாது?

அடுத்த பஸ்ஸில், ஜன்னலோரமாக ஒரு நிறைமாத கர்ப்பிணி கைக்குட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"வா தங்கச்சி, என் பக்கத்துல இடம் இருக்கு. அங்கேயே நின்னா இன்னிக்குப் போய்ச் சேர மாட்டே."

யெவாண்டே நிம்மதியாக ஏறி உட்கார்ந்தாள்.

"தலைப்பிரசவமாக்கா?"

"மூணாவது."

"கடவுள் நல்லபடியா வைக்கட்டும்."

பாலம் ஏறியதும் நடத்துநர் கதவை இழுத்துச் சாத்தினான். பின்சீட்டிலிருந்து நீண்ட ஒரு கத்தி யெவாண்டேயின் விலாவைத் தொட்டது. கைப்பை போனது. போன் போனது. தோட்டைக் கழற்றியது அந்தக் கர்ப்பிணியேதான்.

"அசையாதே தங்கச்சி, காது கிழிஞ்சிடப் போவுது" என்றாள் அக்கறையாக. அவள் சாய்ந்ததில் வயிறு ஒரு பக்கமாக நகர்ந்துவிட்டது. சாவகாசமாக அதை நேராக்கிக்கொண்டாள்.

பாலத்தின் முடிவில் யெவாண்டேயை இறக்கிவிட்டார்கள். ஒரு செருப்பு பஸ்ஸோடு போய்விட்டது.

அழுதுகொண்டே நொண்டி நொண்டி அவள் வேலைக்கு வந்து சேர்ந்தபோது, மற்றவர்கள் எல்லாம் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பமிடெலே மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றார்.

"வந்துட்டீங்களா மகாராணி? இன்னிக்கு என்ன கதை?" என்றவர், அவளுடைய வெறுங்காலைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

விம்மலுக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னாள்.

"உனக்குக்கூடவா சந்தேகம் வரலை?"

"புள்ளத்தாச்சிண்ணே. பக்கத்துல கூப்பிட்டு உட்கார வச்சா யாருக்கு வரும்?"

பமிடெலேயின் கோபம் இறங்கிவிட்டது. தாடையைச் சொறிந்தபடி அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அருகில் நின்ற மஞ்சள் பஸ்ஸின் கதவைத் தள்ளித் திறந்து, அவளுடைய வழக்கமான ஜன்னலோர சீட்டைக் காட்டினார்.

"ஏறி உட்காரு, உனக்கு மனசு சரியில்லே, இன்னிக்கு நம்ம பஸ்ல ஏறுறவங்க தோட்டை நீ கழட்ட வேணாம், ஆனா நாளையிலேர்ந்து வயித்துல ஒரு தலையணையைக் கட்டிக்கிட்டு வந்துடு."