எட்டு மணிக்கு எதிரே

பயணப் பட்டியலின் இருபத்திரண்டாவது வரியில் இழுவைக் கயிறு என்று அவள் எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அத்தை அதைச் சொன்னார். நவநீதனின் அம்மா.

"நான் வரலப்பா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

அவள் பேனாவை வைத்தாள்.

மணி மூன்று. வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பின்லாந்தின் டிசம்பர் அப்படித்தான். பகல் என்று பேருக்கு நாலு மணி நேரம் வந்துவிட்டுப் போகும்.

நவநீதன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான். மூன்று வாரமாக அவனுக்கு இதே வேலை. அவர்கள் குடியிருக்கும் ஒவுலுவிலிருந்து வடக்கே இனாரி வரை ஐநூற்றைம்பது கிலோமீட்டர். போக, வர, நான்கு நாள். எங்கே பெட்ரோல், எங்கே சாப்பாடு, எங்கே கலைமான் குறுக்கே வரும், எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு நிறம். கல்யாணத்துக்குக்கூட மனுஷன் இவ்வளவு மெனக்கெடவில்லை.

"என்னம்மா, இப்ப வந்து சொல்ற? ரூமெல்லாம் போட்டாச்சு. குளிருக்குப் பயப்படறியா? அதான் கோட்டு வாங்கியாச்சுல்ல?"

"ஆமாப்பா. குளிருதான்."

பொய்.

அத்தைக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. வந்த இரண்டாம் நாளே பால்கனியில் நின்று பனியைக் கையில் அள்ளிப் பார்த்தவர். சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம், எட்டு மணிக்கே கிளம்பிவிடணும் என்று நேரம் குறித்துத் தந்ததும் அவர்தான். அதற்காகவே ஊரிலிருந்து தினசரி காலண்டரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதெல்லாம் நம்ம ஊர் டைம்மா என்று நவநீதன் சிரித்தபோது, இங்க மட்டும் சனிக்கிழமைக்கு வேற பேரா என்று கேட்டார்.

காரணம் அவளுக்குத் தெரியும்.

காலையில் நவநீதன் ஆபீஸுக்குக் கிளம்புவான். அவன் ஷூவை எடுக்கும் சத்தம் கேட்டதும் அத்தை குளியலறைக்குள் போய்விடுவார். வாசல் கதவு சாத்திய பிறகுதான் வெளியே வருவார். உள்ளே தண்ணீர் விழும் சத்தமே கேட்காது.

அவள் ஸ்கேனுக்குப் போன அன்றும் அப்படித்தான். ஐந்தாம் மாதம். "போயிட்டு வரேன் அத்தை" என்று சாத்திய கதவிடம் சொல்லிவிட்டுப் போனாள். வழியெல்லாம் எரிச்சல். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அழுகை வந்தது.

நவநீதன் கண்ணில் இது எதுவும் படவில்லை. கலைமான் என்றால் பட்டிருக்கும்.

மாமா தவறிப் பதினான்கு மாதம். போன ஆவணியில் அத்தையின் அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார்கள். எல்லாரும் வாசலில் நின்றார்கள். அண்ணிக்காரி மெதுவாகத்தான் சொன்னாள். "நீ கொஞ்சம் உள்ள போய் இரு. தப்பா எடுத்துக்காத."

அன்று உள்ளே போனவர்தான்.

இப்போது காரில் மூன்று பேர். நான்கு நாள். போய் மறைந்துகொள்ளக் குளியலறை கிடையாது. வழுக்கும் ரோடு, மாசமாக இருக்கும் மருமகள், அவளுக்குப் பக்கத்து சீட்டில் அத்தை. தான் வராமல் இருந்தால் பிள்ளைகள் பத்திரமாகப் போய் வருவார்கள் என்று அத்தை முடிவு கட்டிவிட்டார்.

அவளுக்குக் கோபம் வந்தது. அண்ணிக்காரி மேல் வந்தது. அத்தை மேல் அதைவிட அதிகமாக வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இந்த நாட்டுக்குக் கிளம்பிய காலை. திண்டுக்கல் வீட்டு வாசலில் டாக்ஸி. முன்சீட்டில் மாமா, நேரமாச்சு நேரமாச்சு என்று கத்திக்கொண்டு. நல்ல சகுனத்துக்காக, தெருமுனையிலிருந்து நிறைகுடத்தோடு எதிரே நடந்து வந்தது அத்தைதான். நெற்றி நிறையக் குங்குமம். குடம் தளும்பிப் புடவையெல்லாம் ஈரம். மாமா அதற்கும் ஏதோ திட்டினார்.

நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள். இதுவரை ஒரு குறையும் இல்லை.

அவள் பேனாவை எடுத்தாள். இருபத்து மூன்றாவது வரியை எழுதினாள். காகிதத்தை அத்தை பக்கம் திருப்பித் தள்ளினாள்.

சனி, காலை 8.00. அத்தை எதிரே வருவார். அப்புறம் மூவரோடும் கார் கிளம்பும்.

நவநீதன் எட்டிப் பார்த்தான். "எதிர்லயா? எதுக்கு? இது பிளான்லயே இல்லையே."

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க."

அத்தை படித்தார். திரும்பப் படித்தார். கை நெற்றிக்குப் போனது. அங்கே விபூதி மட்டும்தான் இருந்தது.

"என்னம்மா இது? வயித்துப் பிள்ளையோட போற நேரத்துல விளையாடறியா?"

"நீங்க எதிர்ல வந்தாத்தான் நான் கார்ல ஏறுவேன் அத்தை."

நவநீதன் அம்மாவைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். குளியலறைக் கதவைப் பார்த்தான். லேப்டாப்பை மெதுவாக மூடினான்.

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே தெருமுனை வரை பனி. ஓர் ஆள் நடமாட்டம் இல்லை.

"குடம்கூட இல்லையே இங்க."

"பூஜை சொம்பு இருக்கே."

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மைனஸ் இருபதுங்கறீங்க. அந்த முனையிலேர்ந்து நான் நடந்து வர்றதுக்குள்ள சொம்புத் தண்ணி உறைஞ்சிடாது?"

அவள் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இருபத்து நான்காவது வரியை எழுதினாள்.

வெந்நீர்.