ஞாயிற்றுக்கிழமை ஆறுதல்

புருஷனைப் பறிகொடுத்தவள் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஆறுதல் சொல்ல வந்த நர்ஸ்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அழாதீங்க சிஸ்டர்,” என்றாள் தையல்காரி. “வாரம் தவறாம வர்றது நீங்க ஒருத்தர்தான். நீங்களும் உடைஞ்சு போனா நான் யாரைப் பார்த்துத் தேறுறது?”

இருவரும் ஒரே சபை. சாவுக்குப் படியேறி வந்த கூட்டமெல்லாம் மெல்லக் கரைந்துவிட்டது. நர்ஸ் மட்டும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பழமோ ரொட்டியோ வாங்கிக்கொண்டு இந்த மூன்றாவது மாடிக்கு மூச்சு வாங்க ஏறி வந்துவிடுவாள். ஜெபம் பண்ணாமல் போனதில்லை.

“கர்த்தர் சும்மா இருக்க மாட்டாருக்கா. நாமதான் அவசரப்படக் கூடாது. அவர் நேரம்னு ஒண்ணு இருக்கு.”

“என் தம்பிக்கு அந்தப் பொறுமை இல்லையே சிஸ்டர். இன்னைக்கு வக்கீலைப் பார்த்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். கீழ வண்டியைத் துடைச்சிக்கிட்டிருக்கான், எட்டிப் பாருங்க.”

நர்ஸ் எட்டிப் பார்க்கவில்லை. “வக்கீலா? எதுக்குக்கா?”

“கால் புண்ணுக்குன்னு உங்க ஆஸ்பத்திரியில வந்து படுத்த மனுஷன். காலையில வரைக்கும் பக்கத்து பெட்டுக்காரரோட அரசியல் பேசிக்கிட்டிருந்தாரு. மத்தியானம் நான் மாத்திரை வாங்கப் போயிட்டு வர்றதுக்குள்ள வேர்த்துக் கொட்டி, கண்ணு சொருகி... மாரடைப்புன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க.”

“அந்த நேரம் பார்த்து எனக்கு மேல் மாடியில டியூட்டி,” என்று பெருமூச்சு விட்டாள் நர்ஸ். “கீழ இருந்திருந்தா ஏதாவது செஞ்சிருப்பேன். கோர்ட்டு, கேஸுன்னு அலைஞ்சா இருக்கிற நிம்மதியும் போயிடும்கா. அவர் கையில விட்டுடுங்க. விசுவாசிக்கு அதுதான் அழகு.”

தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “ரொம்பத் துடிச்சிருப்பாரோன்னுதான் சிஸ்டர் மனசு ஆறல.”

“சேச்சே, துடிக்கவே இல்லக்கா. தண்ணி கேட்டாரு, ரெண்டு மடக்கு குடிச்சாரு, அப்படியே சாய்ஞ்சிட்டாரு. குழந்தை மாதிரி.”

தையல்காரி அடுத்த சட்டையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். நூல் கோக்க வழக்கத்தைவிட நேரம் பிடித்தது.

கீழே ஹாரன் அலறியது. “அக்கா, வர்றியா இல்லையா?”

“இருடா, கொஞ்சம்!” என்று ஜன்னல் பக்கம் கத்திவிட்டுத் திரும்பினாள். “கடைசியா நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சிஸ்டர். நீங்க என்ன சொல்றீங்களோ, அதை வச்சுத்தான் நான் போறதா வேண்டாமான்னு பார்க்கணும்.”

நர்ஸுக்கு முகம் தெளிந்தது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அங்கேயே முழங்காலிட்டாள்.

“ஆண்டவரே, இந்த அக்காவுக்குப் பொறுமையைத் தாரும். மறைஞ்சு கிடக்கிறதை உம்முடைய நேரத்திலே நீரே வெளியே கொண்டு வாரும். அதுவரைக்கும் உம்மையே நம்பிக் காத்திருக்கிற கிருபையைத் தாரும். ஆமென்.”

“ஆமென்,” என்றாள் தையல்காரி. கண்ணைத் திறக்க அவள் அவசரப்படவில்லை. இன்னும் ஏதாவது வருமா என்று கேட்டுக்கொண்டிருப்பவள் மாதிரி இருந்தாள்.

“இனிமே எல்லாம் அவர் பார்த்துப்பாருக்கா. தம்பியைப் போகச் சொல்லிடட்டுமா?”

தையல்காரி எழுந்து மடியிலிருந்த நூல் துணுக்குகளை உதறினாள். வாசலில் கிடந்த செருப்பை மாட்டினாள்.

“அக்கா? காத்திருக்கலாம்னு இப்பதானே ஜெபிச்சோம்?”

“காத்திருந்தாச்சு சிஸ்டர். நான் மாத்திரையோட திரும்பி வந்தப்போ அவருக்கு இன்னும் உயிர் இருந்துச்சு. பக்கத்து பெட்டுக்காரருக்குப் போட வேண்டிய ஊசியை இவருக்குப் போட்டுட்டுப் பதறினது யாருன்னு என் காதுல சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினாரு.”

நர்ஸ் முக்காட்டை இறக்கினாள். “அப்போ... இத்தனை வாரமா எதுக்குக்கா...”

“நீங்களா சொல்லுவீங்கன்னுதான்.”