விசிறியில் கம்பளி

ஃபாரோ தீவின் பிற்பகலில் மூடுபனி ஜன்னல்வரை வந்து நிற்கிறது. இறந்துபோன கணவன் ஆட்டுப்பட்டியில் பாடிய பாட்டு இந்தப் பழைய கணினியில் மட்டும்தான் இருக்கிறது. சுன்வா அதை நகலெடுக்கத் தொடங்கும்போதெல்லாம் கணினி சூடேறி அணைந்துவிடுகிறது. கொழுந்தன் யாக்குப் அதன் பக்கவாட்டு மூடியைக் கழற்றுகிறான். விசிறி முழுக்கச் சாம்பல்நிறக் கம்பளித் துகள். "அண்ணி, ஊருக்கெல்லாம் ஸ்வெட்டர் பின்னினது போதாதுன்னு கம்ப்யூட்டருக்கும் ஒண்ணு பின்னிட்டீங்களா?" "வாய மூடிட்டு வேலையப் பாரு." அவன் தூரிகையால் தட்டத் தட்ட, துகள்கள் விளக்கொளியில் எழுந்து, இறங்க மனமின்றி மிதக்கின்றன. மறுபடி கணினியைப் போட்டதும் விசிறி சீராகச் சுழல்கிறது. திரையில் நகலெடுப்பைக் காட்டும் பச்சைக் கோடு மெல்ல நீண்டு, இந்த முறை முனையைத் தொட்டுவிடுகிறது. பாட்டு ஒலிக்கிறது, நடுவில் ஓர் ஆடு கத்த, பாடுகிறவன் சிரித்துவிடுகிறான். யாக்குப் சத்தத்தைக் கூட்டக் கை நீட்டுகிறான். "வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்கிறாள் சுன்வா. "வீட்டுக்குள்ள அவர் இவ்வளவு மெதுவாத்தான் பாடுவார்."