தரை ஆடிய நடை

பழைய காலடிச் சுவடு எதுவானாலும், அதைப் பதித்தவரின் நடையை அந்த இயந்திரச் செருப்பு அப்படியே நடந்து காட்டிவிடும். போட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். தூத்துக்குடி ஆய்வுக்கூடத்தில் அந்த ஆள் ஜெசிந்தா. இன்று வந்திருப்பது கனடாக் கடற்கரைக் களிமண்ணில் கிடைத்த பதினாறாயிரம் ஆண்டுப் பழைய சுவடு வரிசை. அமெரிக்கக் கண்டத்தின் முதல் மனிதர்கள் பனிமலைகளுக்கு நடுவே நடந்து வந்தார்களா, கரையோரமாகப் படகில் வந்தார்களா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

முதல் அடியிலேயே ஜெசிந்தாவின் கால்கள் அகன்று, உடம்பு தள்ளாடியது.

"செருப்புல கோளாறு. பதிவை அழிச்சிருவோம்," என்றார் மேலாளர் தணிகைவேல்.

"அழிச்சிராதீங்க சார்! எங்கப்பா பத்து நாள் கடல்ல கெடந்துட்டு வந்தா வீட்டுக்குள்ள இப்படித்தான் நடப்பாரு. தரை ஆடுற மாதிரியே இருக்குமாம்."

தணிகைவேலின் விரல் பொத்தானை விட்டு விலகியது.

நாலடி நடந்ததும் செருப்பு அவளை வந்த பக்கமே திருப்பி நிறுத்தியது. படகில் இருப்பவரிடம் பிள்ளையை வாங்குபவள் போல, தன்னை அறியாமலே கைகளை நீட்டினாள். அடுத்த அடி, ஒரு பிள்ளையின் கனத்தோடு தரையில் அழுந்தியது.