ஓடையைக் கடக்கும் கடைசி ஆள்

எல்லாரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடையைக் கடந்துவிட்ட பிறகு, கடைசி ஆள் எதைப் பிடித்துக்கொண்டு கடப்பார்?

ராமானுஜத்துக்கு அது பிடிபடவில்லை.

செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில், மடியில் புது நைலான் கயிற்றை வைத்துக்கொண்டு, எதிரிலும் பக்கத்திலும் இருந்த மூவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். தடா அருவிக்குப் போகும் பாதை சுலபம்தான். குழந்தைகள்கூட நடப்பார்கள். ஆனால் ஓடை இரண்டு இடங்களில் குறுக்கே வரும். முழங்காலளவு தண்ணீர், அடியில் பாசி பிடித்த பாறை. முதல் ஆள் கயிற்றின் ஒரு முனையை இந்தக் கரையில் ஒரு மரத்தில் கட்டிவிட்டு, மறுமுனையோடு அந்தக் கரைக்குப் போய் அங்கே கட்ட வேண்டும். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். மேலே இரண்டாவது இடத்துக்கும் கயிறு வேண்டும். அதனால் கடைசி ஆள் முடிச்சை அவிழ்த்து எடுத்துவர வேண்டும்.

அவிழ்த்த பிறகு அதைப் பிடித்து என்ன பயன்?

"இதுக்கு இன்னா சாரு இவ்ளோ யோசன?" என்றார் ராஜேந்திரன். "கயித்த இடுப்புல கட்டிக்கினு எறங்கு. அந்தாண்ட நாங்க மூணு பேரு கீறோம்ல, இஸ்துக்குவோம். வழுக்கி வுழுந்தா குளிச்ச மாரியும் ஆச்சு."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ராமானுஜமும் சிரித்தார். யோசித்துப் பார்த்தால் விடை சரியாகவே இருந்தது. அந்தக் கரையில் ஆள் இருந்தால் போதும்.

அன்று அவருக்குப் பணி ஓய்வு. அலுவலகத்தில் போட்ட மாலை, மேலே சாமான் தட்டில் ஒரு பையில் இருந்தது. திங்கட்கிழமை முதல் இந்த வண்டியில் வர வேண்டியதில்லை.

பல வருடங்களாக இந்த நால்வரும் ஒருவருக்கொருவர் கைக்குட்டை போட்டு இடம் பிடித்திருக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு இதே பெட்டியில் மாவிலை கட்டிப் பொரிகடலை பங்கிட்டிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனதில்லை. ரயிலுக்கு வெளியே ஒரே ஒரு நாள் சேர்ந்து இருந்துவிட்டால், ரயில் இல்லாமலும் இவர்கள் தனக்கு இருப்பார்கள் என்பது ராமானுஜத்தின் கணக்கு. அவர் வீட்டில் பேச வேறு ஆள் கிடையாது.

இடத்தையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார். செங்கல்பட்டில் ஏரி இருக்கிறது, முட்டுக்காட்டில் உப்பங்கழி, மாமல்லபுரத்தில் கடல். விழுகிற தண்ணீர் மட்டும் இந்தப் பக்கம் இல்லை. மழை முடிந்த ஜனவரியில் தடாவில் தண்ணீரும் இருக்கும், ஆபத்தான வேகமும் இருக்காது. நாளைக் காலை முதல் வண்டியில் பார்க் ஸ்டேஷன், சாலையைக் கடந்தால் சென்ட்ரல், அங்கிருந்து சூளூர்ப்பேட்டை வண்டி, தடாவில் இறங்கி ஆட்டோ. புளியோதரை கட்டிக்கொள்ளலாம், கெட்டுப்போகாது.

வாரம் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டே வந்தார். வாரம் முழுக்க மூவரும் தலையாட்டினார்கள்.

கூடுவாஞ்சேரி வரும்போது தாவீது எழுந்து, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அண்ணாத்த, நாளிக்கு ஞாயித்துக்கெழமைல்ல? சர்ச்சுல நான்தான் ஆர்மோனியம். மொத நாளே சொல்ல நெனச்சேன். நீ ஆசயா சொல்லிகினு இருந்த, வாய் வரல."

எந்த வண்டி எந்த நடைமேடையில் வரும் என்பதுவரை யோசித்த ராமானுஜம், இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஞாயிறு காலையில் எங்கே இருப்பார் என்று யோசிக்கவே இல்லை.

மறைமலை நகரில் ஹரிசங்கர் செல்போனைக் காதில் வைத்தபடியே கையை உயர்த்திக் காட்டிவிட்டு இறங்கினார். நாளைக்கு வருகிறேன் என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆனால் அவர் போனில் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது: "காலைல வூட்லதான் இருப்பேன், வா."

இருவர் இருந்தாலும் போதும் என்று ராமானுஜம் எண்ணினார். இழுக்க ஒருவர், இழுபட ஒருவர்.

சிங்கப்பெருமாள் கோயில் வந்தது. ராஜேந்திரன் வாசல்வரை போய்த் திரும்பினார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"சாரு, நீ மெய்யாலுமே போறியா? தெனம் பேசிகினு வர்றோமே, அந்த மாரி இதுவும் ஒரு பேச்சுன்னு இல்ல நெனச்சேன்."

"பேச்சுதான்," என்றார் ராமானுஜம்.

ராஜேந்திரன் இறங்கி, நடைமேடையிலிருந்து ஜன்னல் கம்பியை ஒருமுறை தட்டினார். வண்டி நகர்ந்தது.

பரனூரில் பக்கத்து இருக்கைகளில் மிச்சம் இருந்தவர்களும் இறங்கிவிட்டார்கள். வெளியே கொளவாய் ஏரி சாம்பல் நிறத்தில் கூடவே வந்தது.

ராமானுஜம் கயிற்றைப் பைக்குள் வைக்க எழுந்தார். நீளமான கயிற்றைப் பாதியாக மடிக்க எளிய வழி, அதன் நடுப்பகுதியை எதிலாவது மாட்டுவது. நிற்கிறவர்கள் பிடித்துக்கொள்ளும் இரும்புத் தூணைச் சுற்றி அதைப் போட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார்.

வண்டி குலுங்கியது. அவர் சாயப் போனார். கயிறு விறைத்து அவரைத் தாங்கியது.

கயிறு சுற்றியிருந்த தூணைப் பார்த்தார். பிறகு ஒரு முனையை விட்டுவிட்டு மற்றதை இழுத்தார். கயிறு தூணைச் சுற்றி ஓடி, முழுவதும் அவர் கைக்கு வந்து சேர்ந்தது.

மறுபடி செய்து பார்த்தார். மறுபடியும் வந்தது.

கயிற்றை மரத்தில் கட்டக் கூடாது, சும்மா சுற்றிப் போட வேண்டும். இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே ஓடையைக் கடக்க வேண்டும். கடந்ததும் ஒன்றை விட்டு மற்றதை இழுக்க வேண்டும். கயிறு ஓடையின் அகலத்தைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் போதும். அந்தக் கரையில் ஆள் தேவையில்லை.